பெலாஞ்சாவான் ஆடிய மாப்பிள்ளை

"இந்தப் பையனையாவது அந்த அட்டைக்கு முன்னால உட்கார வைக்காதடி," என்று இராஜம்மா மகளைக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

சந்திரகலா சிரித்தபடியே முன்வாசலில் அட்டையை விரித்தாள். பங்சார் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை அவள். அரசாங்கம் பணத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று மாணவர்களுக்குப் புரியவைக்கத் தானே வரைந்த விளையாட்டு அது. பெயர் பெலாஞ்சாவான், அதாவது மலாய் மொழியில் வரவுசெலவுத் திட்டம். ஆடுகிறவர்தான் நிதியமைச்சர். வரிப்பணத்தைப் பள்ளி, மருத்துவமனை, சாலை என்று பிரித்துவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். வெள்ளம் வரும், ஈயத்தின் விலை சரிந்து வருமானம் குறையும். ஐந்து ஆண்டு கஜானா காலியாகாமல் தாக்குப்பிடித்தால் வெற்றி.

இதற்கு முன் பெண் பார்க்க வந்த இரண்டு பேரையும் இப்படித்தான் ஆடவிட்டாள். அடுப்படியில் இருந்த இராஜம்மா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் போனதும் மகள், "சரிப்படாதும்மா," என்றது மட்டும்தான் தெரியும். இருவரும் நல்ல உத்தியோகக்காரர்கள். ஓர் அட்டை விளையாட்டில் தோற்றதற்காகவா வரனைத் தட்டிக்கழிப்பது? அவர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸே இராஜம்மாவைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டது.

இன்று வந்திருக்கும் சபாபதி கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். பார்த்தவுடனே இராஜம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. இவனைக் கைநழுவ விடக்கூடாது என்று, தேநீர் கொடுக்கிற சாக்கில் வந்து அட்டையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

அவன் ஆட்டமோ படுமோசம். கேட்ட துறைக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தான். மூன்றாம் ஆண்டே ஈயத்தின் விலை சரிந்தது. அடுத்த சீட்டில் வெள்ளம். மகள் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இராஜம்மா குனிந்து, "பள்ளிக்கூடத்துக் காசுல கை வைங்க தம்பி, தப்பிச்சிக்கலாம்," என்று கிசுகிசுத்தாள்.

"பிள்ளைங்க எங்க போகும் ஆன்டி? ரோடு வேணும்னா அப்புறம் போட்டுக்கலாம் லா," என்றான் அவன், சத்தமாகவே.

சாலைப் பணமும் போதவில்லை. நான்காம் ஆண்டில் கஜானா துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நாட்டைத் திவாலாக்கிவிட்டு சபாபதி விழுந்து விழுந்து சிரித்தான். இராஜம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மகளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அவனுக்காகப் பரிந்து பேச வாயெடுக்கும் முன்பே, "நாள் பார்க்கச் சொல்லும்மா," என்றாள் சந்திரகலா, வெட்கத்தோடு.

இராஜம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் சந்தேகம் வந்தது.

"இவரும் தோத்துட்டாரேடி? தோத்ததுக்குத்தானே முன்னால வந்தவங்களை வேணாம்னு சொன்னே?"

"யாரு சொன்னா? அவங்க ரெண்டு பேருமே ஜெயிச்சாங்கம்மா. எடுத்த எடுப்புலேயே பள்ளிக்கூடத்தை மூடித்தான் ஜெயிச்சாங்க."