தினேஷ்வரனின் கணினி

தெங்கேராவில் ஒரே அலுவலகத்தில்தான் அகல்யாவும் அவள் கணவன் தினேஷ்வரனும் வேலை பார்த்தார்கள். அவன் விபத்தில் இறந்த பிறகு, அலுவலகக் கணினிகளின் பொதுச் சேமிப்பகத்தில் அவன் கணினிக்கு ஒதுக்கியிருந்த இடத்தை அழிக்கும் வேலை அவளிடமே வந்தது. அவள் அழிக்கப் பார்த்தாள். அவன் கணினி இன்னும் இணைப்பில் இருப்பதாகச் சொல்லித் திரை மறுத்தது.

"சேகரண்ணே, அவரோட லேப்டாப் இப்ப யார்கிட்ட இருக்கு?"

மேலாளர் தயங்கினார். "காரோட சேர்ந்து எரிஞ்சு போச்சேம்மா. சிஸ்டம் கோளாறுலா. துண்டிச்சிட்டு அழிச்சிரு."

அவள் துண்டித்தாள். சற்று நேரத்தில் அது தானாகவே மறுபடி இணைந்துகொண்டது. அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெற்றிடம்.

அழித்துவிட்டதாக மேலாளரிடம் சொல்லிவிட்டு, அகல்யா தன் கணினியையும் அதே இடத்தோடு இணைத்தாள். இருவர் பெயரும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெற்றிடம் மெல்ல நிறையத் தொடங்கியது.

மாலையில் சேகரன் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "வீட்டுக்குப் போகலையாம்மா?"

அகல்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போங்கண்ணே. நாங்க அப்புறம் வர்றோம்."