ஜன்னலோரச் சுவர்

பழைய வால்பேப்பரை உரித்ததும் சுவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஜன்னலோரம் பூச்சு உள்ளுக்குள் கழன்று கிடப்பது அதற்கு மட்டுமே தெரியும்.

சுத்தியல் ஒவ்வோர் இடமாகத் தட்டிக் கேட்டபடி நெருங்கியது.

“அங்கே கெட்டியா இருக்குண்ணே, தட்ட வேண்டாம்” என்றது சுவர்.

“கழண்டிருந்தா இப்பவே சொல்லிடு தம்பி. கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசினாத்தான் நிக்கும்.”

கொத்துவதா! சுவர் அவசரமாகச் சொன்னது: “சத்தியமா கெட்டிண்ணே.”

சுத்தியல் நம்பிவிட்டது. மேலோடு பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தார்கள். அன்றிலிருந்து யாராவது கதவைச் சாத்தினாலே சுவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் வீட்டுக்காரி ஜன்னலோரத்தைத் தடவிப் பார்த்தாள். “கண்ணாடி மாதிரி இருக்கே! கல்யாணப் போட்டோவை இங்கேயே மாட்டிடலாம்.”

சுத்தியல் திரும்ப வந்தது. இந்தத் தடவை கூடவே ஓர் ஆணியும் வந்தது.