தலையணைக்கடியில்

சிறுநீரகம் மாற்றி வைத்த உடம்பு. சாதாரண சளிக் கிருமி நெஞ்சுக்குள் இறங்கி, தணிகைவேலைக் கண்ணாடி அறையில் செயற்கை சுவாசக் குழாயோடு படுக்க வைத்திருந்தது. பூவோ பழமோ உள்ளே போகவே கூடாது. அப்படியிருந்தும் மூன்றாவது நாளாக அவன் தலையணைக்கடியில் குங்குமம் தொட்ட ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

"யாரும்மா வச்சது? அவர் உசுரோட விளையாடுறீங்களா?" ஸ்டெல்லா சிஸ்டர் பழத்தைத் தூக்கிக் காட்டி அவன் மனைவி செண்பகவல்லியிடம் பாய்ந்தாள்.

செண்பகத்துக்குச் சந்தேகமே இல்லை. மாமியாரிடம் திரும்பினாள். "அத்தை, உங்க வேலைதானே?"

"என்னைத்தான் வாசலோட நிறுத்திட்டாங்களே. எம்புள்ள மேல சத்தியமா நான் இல்லடி."

அப்படியானால் ஆயாவைக் கைக்குள் போட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் விடிந்ததிலிருந்து செண்பகம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஆயா வந்தாள், தரையைத் துடைத்தாள், போய்விட்டாள்.

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். "நல்லா தேறி வர்றார், பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு தணிகைவேலின் தலையை மெல்லத் தூக்கினார். கையுறை போட்ட அவருடைய கைக்குள் மஞ்சளாக ஒன்று தெரிந்தது.

நான்கு நாளாக அவர் அதே வார்த்தைகளைத்தான் சொல்லிவருகிறார் என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.