டீச்சர் வீட்டுக் குட்டிகள்

"எல்லாரும் வாங்க! டீச்சரம்மா வீட்டு லட்சணத்தை வந்து பாருங்க!"

லிஃப்ட் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வந்த அபார்ட்மென்ட் செகரட்டரி, வந்த வேலையை மறந்துவிட்டு வராந்தாவே அதிரும்படி கத்தினார். அக்கம்பக்கத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன.

எலக்ட்ரீஷியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலில் இருந்த கூண்டில் மூன்று சிஞ்சிலாக் குட்டிகள் அம்மாவின் வயிற்றுக்கடியில் முண்டிக்கொண்டிருந்தன.

சிஞ்சிலாவைப் பார்த்திராதவர்களுக்கு: அணிலும் முயலும் கலந்த மாதிரி ஒரு பஞ்சுப் பொதி. சூடு ஆகாது. தண்ணீரில் குளிக்காது, பொடியில் புரண்டுதான் குளிக்கும். பதினைந்து, இருபது வருஷம்கூட வாழும். இதெல்லாம் தெரியாமல் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்ததும் கைகழுவுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்களே, அவர்கள் விட்டதையெல்லாம் தேற்றி நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பவள்தான் டீச்சர், எலக்ட்ரீஷியனின் மனைவி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அம்மா மாதிரி ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்பாள். கடைசியில், "குட்டி போட விடமாட்டேன்" என்று சத்தியம் வாங்காமல் கூண்டைக் கையில் தரமாட்டாள்.

அவள் வீட்டிலேயே குட்டி! செகரட்டரி விடுவாரா?

"போன மாசம் ஒரு பெண் சிஞ்சிலா கேட்டேனே, என்ன சொன்னீங்க? 'எந்த வம்சம்னு தெரியாது சார், பல் வியாதி இருந்தா குட்டிக்கும் வரும். இருக்கறதுக்கே வீடு கிடைக்கல, புதுசா எதுக்குக் குட்டி?'ன்னு எனக்கு கிளாஸ் எடுத்தீங்களே! சட்டமெல்லாம் அடுத்தவனுக்குத்தானா?"

எதிர்வீட்டு நர்ஸ், டீச்சரிடமிருந்து ஒன்று வாங்கி வளர்ப்பவள், முகம் வாடிப்போய் நின்றாள். "உங்களை எவ்வளவு நம்பினேன் டீச்சர்…"

எலக்ட்ரீஷியனுக்கு அல்லவா தெரியும் உண்மை! மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு கூண்டு. மேலே ஏதோ பழைய துணி. உள்ளே முடி கொட்டி, தோல் தெரிய, இதே அம்மாக்காரி. வந்தபோதே அது வயிற்றில் குட்டியோடு வந்தது. இன்றைக்கு உடம்பு தேறி, ஆளே மாறிப்போயிருக்கிறது. இதைச் சொன்னால் எல்லார் வாயும் அடைத்துப்போகும்.

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்…"

டீச்சர் அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"தப்புதான் சார், மன்னிச்சிடுங்க," என்றாள்.

"இன்னொரு தடவை இங்க குட்டி பிறந்துச்சு, அத்தனை கூண்டும் வெளிய! அசோசியேஷன் சார்பாச் சொல்றேன்!"

கூட்டம் கலைந்தது. நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். செகரட்டரி மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி, "லிஃப்டைப் பார்த்துட்டு, அப்படியே நம்ம வீட்டு ஹால் லைட்டையும் பார்த்துடுப்பா" என்றார்.

பிழைப்பாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

லைட்டை மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கியபோது, மூலையில் ஒரு கூண்டு கண்ணில் பட்டது. உள்ளே இரண்டு சிஞ்சிலா.

"புது ஜோடிப்பா," என்றார் செகரட்டரி பெருமையாக. "முன்னாடி இருந்த பெண்ணு செத்துப்போச்சு. உன் சம்சாரம் தரலைன்னா எனக்குக் கிடைக்காதா என்ன?"

எலக்ட்ரீஷியனின் பார்வை ஜன்னல்கள் பக்கம் போயிருந்தது. பச்சைத் துணியில் வெள்ளைப் படகு போட்ட திரை. எல்லா ஜன்னலிலும் இருந்தது, ஒன்றில் மட்டும் இல்லை.

ஏணியைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவந்தான்.

கூச்சலில் மிரண்டுபோயிருந்த குட்டிகளுக்காக டீச்சர் கூண்டைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். வாசலில் கிடந்த கூண்டோடு வந்த அதே துணி, துவைத்துச் சுத்தமாக. பச்சை. வெள்ளைப் படகு.

"ஏய், இந்தத் துணி… அந்த ஆள் வீட்டு…"

"தெரியுங்க."

"தெரியுமா! எப்போலேருந்து?"

"போன தடவை மீட்டிங்குக்கு அவர் வீட்டுக்குப் போனேன்ல, அப்பவே."

"அடிப்பாவி! தெரிஞ்சுமா எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சு நின்ன? அந்த நர்ஸ் பொண்ணு உன்னை என்ன பார்வை பார்த்தா! இரு, இப்பவே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"உட்காருங்க முதல்ல." அவள் கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள். "அவர் வீட்டுல இப்ப ஏதாவது வச்சிருக்காரா?"

"ஏன் இல்லாம? புது ஜோடி. ஒரே கூண்டுல."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டையும் பிரிச்சு வைங்கன்னு நாளைக்குப் போய்க் கெஞ்சிப் பார்க்கறேன். கேட்பாருன்னு தோணல."

"அந்த ஆள்கிட்ட எதுக்குடி கெஞ்சணும்? துணியைக் காட்டி ஊரைக் கூட்டுவோம், வா!"

டீச்சர் துணியின் நுனியை இழுத்து, குட்டிகள் மேல் வெளிச்சம் படாமல் சரிசெய்தாள்.

"வாசல்ல கிடந்ததுன்னு சொன்னாலே, யார் வச்சதுன்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சுடுவாங்க. நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுட்டா, அடுத்த கூண்டு நம்ம வாசலுக்கு வராதுங்க. குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்."