உடையாத பேரிங்

வழிகாட்டிப் பேராசிரியரிடம் எட்டுப் பேர்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். எட்டு இடமும் நிரம்பியிருந்தது. பூபதி ஆய்வேட்டைக் கொடுத்தால் ஓர் இடம் காலியாகும், அது ஜெசிந்தாவுக்கு. ஆனால் அவன் ஆய்வே மேசைமேல் சுழலும் பேரிங்கின் ஆயுளைப் பற்றியது; அது தேய்ந்து உடைந்தால்தான் எழுதி முடிக்கலாம். மூன்றாவது வருடமாக அவள் அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தபடி காத்திருக்கிறாள். சேர்க்கை இந்த மாதத்தோடு முடிகிறது.

ஏன் உடையவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். உருளும் குண்டுகளுக்கும் வளையத்துக்கும் நடுவே முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. அது நிற்கும்வரை எஃகு எஃகைத் தொடாது. அந்த எண்ணெய் பூபதி கண்டுபிடித்தது.

“உங்க எண்ணெய் நாசமாப் போக, அண்ணா!”

“நல்லா வேல செய்யுறது என் குத்தமாம்மா? நானுந்தான் இங்கயே கெடக்கேன். டீ வேணுமா?”

“வெஷம் இருந்தா வாங்கிட்டு வாங்க.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில், அதிர்வில், பேரிங்குக்கு எண்ணெய் ஊட்டும் குழாய் அதன் துளையிலிருந்து நழுவியது. ஜெசிந்தா பாய்ந்து பிடித்தாள். திரும்பச் செருக ஒரு நொடி போதும். எண்ணெய் அவள் விரல்களில் வழிந்தது. பேரிங்கின் முனகல் மெல்ல ஏறத் தொடங்கியது. குழாயைப் பிடித்தபடியே அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.