மாடிவாசிகள் எலி முன்னணி

வரலாற்றைத் தலைவர்கள் உண்டாக்குகிறார்கள் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, மிகத் தவறானது. சில வேளைகளில் அந்த வேலையை எலிகள் செய்திருக்கின்றன.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலும் செய்தன. யுத்தத்தால் அரிசி விலை ஏறிக்கிடந்த நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கீழ்த்தளத்தில் தங்கியிருந்த அன்னபாக்கியத்தின் அரிசி மூட்டையை எலிகள் குதறிவிட்டன.

மூன்றாம் மாடி மாக்ரெட் வீடு வீடாக ஏறி, ஆளுக்கொரு சுண்டு அரிசி சேர்த்துக் கொடுத்தாள். பொறி வைத்தாள். பெண்கள் கூடினார்கள். படிக்கட்டில் ஓர் அறிவிப்பு மட்டை தொங்கியது: ‘மாடிவாசிகள் எலி முன்னணி.’

மாடிவாசிகள் சங்கத் தலைவர் யோகநாதனுக்கு நித்திரை போயிற்று. அவரை எதிர்த்து அதுவரை ஒருவரும் நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவர் தெரிவு.

அன்று கூட்டத்தில் அவர் எழுந்தார்.

“இது எலி பிடிக்கிற விசயமில்லை. இந்தியாவிலை மிசோ மலையிலை என்ன நடந்ததெண்டு தெரியுமோ? மூங்கில் பூத்தது. விதையைத் திண்டு எலி பெருகினது. எலி வயலுக்கை இறங்க, பஞ்சம். சனத்துக்குச் சாப்பாடு குடுக்கவெண்டு ‘மிசோ தேசியப் பஞ்ச முன்னணி’ தொடங்கினவை. பிறகு ‘பஞ்ச’த்தை வெட்டிவிட்டினம். மிச்சம் என்ன? அரசியல் கட்சி!”

கூட்டம் வாய் பிளந்து கேட்டது.

“பஞ்சம் வரும்னு முதலே யாருக்கும் தெரியாதா அண்ணே?” என்றாள் மாக்ரெட்.

கேள்வி கேட்டால் யோகநாதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

“தெரியும் தங்கச்சி. மூங்கில் பூத்தால் எலி வருமெண்டு அந்தச் சனம் சொன்னது. மேலிடம்தான் காதிலை விழுத்தேல்லை.”

“நானும் பொங்கலப்பவே சொன்னேன் தானே, குப்பை அறைக் கதவு உடைஞ்சு கிடக்கு, எலி வரும்னு?”

யோகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசை சிரித்தது.

“அப்ப நாங்களும் ‘எலி’யை வெட்டுவம். தலைவர் மாக்ரெட்!” முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

கௌரியின் கை. யோகநாதனின் மனைவி.

“நீர் ஆர் பக்கம்?” என்றார் யோகநாதன்.

“எலிக்கு எதிர்ப்பக்கம். முதல் சுண்டு அரிசியே எங்கடை வீட்டிலையிருந்துதான் போனது. நீங்கள் அப்ப பேப்பர் படிச்சுக்கொண்டிருந்தனீங்கள்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

மறுநாள் காலை, மட்டையில் ‘எலி’ என்ற சொல்லை மையால் அடித்துக்கொண்டிருந்தவர் யோகநாதன்தான். பெயர் மாற்றம் முறைப்படி நடக்க வேண்டுமாம்.

புதன்கிழமை குப்பை அறைக்குக் கதவு வந்தது.