காந்தத்தில் ஒட்டாத காசு

"காந்தம் கொண்டு வந்திருக்கேன்" என்றார் டெய்லர், எடுத்த எடுப்பிலேயே.

ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தை. தரையில் விரித்த போர்வை மேல் வெள்ளிக் காசுகள் குவிந்து கிடந்தன.

"தாராளமா வச்சுப் பாருங்கண்ணே" என்றான் போர்வைக்காரன். "பழைய வீடு ஒண்ணை இடிச்சப்போ சுவத்துக்குள்ள இருந்துச்சு. கடை விலையில பாதிதான்."

டெய்லர் யாரையும் லேசில் நம்பமாட்டார். தைக்கத் துணி கொண்டு வருகிறவர்களையே ஒரு மாதிரியாகப் பார்க்கிற ஆள். அதிலும் இன்றைக்குப் பைக்குள் இருந்தது, புதுத் தையல் மெஷினுக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். வெள்ளியாக வாங்கிப்போட்டு, விலை ஏறியதும் விற்றால், மெஷினோடு மோட்டாரும் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஒவ்வொரு காசிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை.

"திருப்திதானேண்ணே?"

"அண்ணே, வாங்காதீங்க" என்றது ஒரு குரல்.

போர்வை ஓரமாகக் குந்தியிருந்த பெண்தான் சொன்னாள். டெய்லர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா? காந்தம்தான் ஒட்டலையே?"

"செம்பும்தான் காந்தத்துல ஒட்டாது. இதெல்லாம் உள்ளே செம்பு, மேல வெறும் முலாம்."

டெய்லர் உஷாரானார். அவர் பார்க்காத வித்தையா இது? சரக்கை மட்டம் தட்டி ஆளைக் கிளப்பிவிட வேண்டியது, அப்புறம் அடிமாட்டு விலைக்குத் தானே அள்ளிக்கொண்டு போக வேண்டியது.

"நீங்க வாங்கலாம்னு பார்க்கறீங்களா?"

"சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்."

"பின்ன இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"



"அது பேச்சைக் காதுல போட்டுக்காதீங்கண்ணே" என்றான் போர்வைக்காரன். அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. "போன வாரமும் இப்படித்தான் வந்து உட்கார்ந்துகிட்டு, வந்த யாவாரத்தைக் கெடுத்துச்சு."

ஆக, வாராவாரம் வருகிறாள். எவனோ நகைக்கடைக்காரன் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று டெய்லர் முடிவே கட்டிவிட்டார். இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? பையைத் திறந்து பணத்தை வெளியே எடுத்தார்.

போர்வைக்காரன் கையை நீட்டினான்.

அவள் சட்டென்று ஒரு காசை எடுத்தாள். பக்கத்தில் கிடந்த கருங்கல்லில் அதன் விளிம்பை வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். அவன் எட்டிப் பிடுங்குவதற்குள் டெய்லரின் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

தேய்த்த இடத்தில் செம்பு சிவப்பாகப் பல்லிளித்தது.

 டெய்லர் பணத்தை அவசர அவசரமாகப் பைக்குள் திணித்தார். தப்பித்தோமடா சாமி என்று இருந்தது.

"அது ஒண்ணுதாண்ணே அப்படி. வேற ஒண்ணு பாருங்க..."

"போதும்ப்பா, ரொம்ப சந்தோஷம்."

போர்வைக்காரன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

டெய்லர் கிளம்பினார். நாலடி போனவருக்கு மனசு கேட்கவில்லை. சும்மா ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுவாளா என்ன? திரும்பி வந்து அவளிடம் குனிந்தார்.

"நல்லதுதான் பண்ணீங்க, இல்லேங்கலை. ஆனா உண்மையைச் சொல்லுங்கம்மா. எந்தக் கடையில உங்களை அனுப்பினாங்க? இதுக்கு என்ன தர்றாங்க?"

அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. போர்வையின் நாலு முனையையும் சேர்த்து, காசுகளோடு மூட்டையாகக் கட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு போர்வைக்காரனின் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம். என் வளையலை வித்துட்டு இதை வாங்கி நாம ஏமாந்தது நம்மளோட போகட்டும்."